ரேஷன் கடை டம்ளரில் தப்பித்தவை

ஒரு ஐப்பசி மாதம் முழுக்க நான் என் மனைவியின் வலது கணுக்காலை நூல் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாமல்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணயர்ந்ததும், பூனை மாதிரி போய் உட்கார்ந்து, தையல் நூலைக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையும் சேரும் இடத்தில் பேனா மையால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு நேற்றைய நூலையும் இன்றைய நூலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் ஒரு நெல் அளவு கூடியிருக்கும். அன்றைக்கு டீக்கடைப் பக்கமே போக மாட்டேன். மறுநாள் குறைந்திருக்கும். குதித்துக்கொண்டு போய் டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவேன். சந்தோஷமான நாட்களில் எல்லாம் நான் நூலை இழுத்துப் பிடித்து அளந்திருக்கிறேன் என்பது பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"யோவ், இன்னாயா பண்ற?"

"கொலுசு வாங்கலாம்னு அளவெடுக்கறேன்."

"ஒத்தக் காலுக்கா?"

எதற்கும் உடனே பதில் வைத்திருப்பவன் என்று திண்டிவனத்தில் எனக்குப் பெயர். அன்றைக்கு நூலைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே போய், கோழி இல்லாத கூண்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்டாட்டிக்குக் கால் வீங்கினால் மனுஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். நான் நூல் எடுத்தேன். ஏனென்றால் அந்த வீக்கத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரைத் தாங்கிய போஸ்டரை ஊர் சுவரெல்லாம் ஒட்டியவனே நான்தான். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். அந்த வீக்கத்தை உண்டு பண்ணியதே நானாக இருக்குமோ என்ற பயம்.

அதை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நான் திண்டிவனத்தில் கொசு ஒழிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். தினக்கூலி. முதுகில் ஸ்பிரே டின், கையில் நீளக் காம்பு வைத்த கரண்டி. சாக்கடை, செப்டிக் டேங்க், தண்ணீர் இறைக்காத கிணறு என்று எங்கெல்லாம் மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவானோ அங்கெல்லாம் நான் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். கரண்டியில் முகந்து, எத்தனை புழு நெளிகிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை விழுப்புரம் ஆபீசில் கூட்டம். நாலு பேர் கூடினால் தமாஷ் பண்ணாமல் இருக்க என்னால் முடியாது. அங்கே எங்கள் இன்ஸ்பெக்டர் ஒருவர் மட்டும் சிரிக்கவே மாட்டார். நான் ஜோக் சொல்லி முடித்ததும், "சரி, புழு எத்தனை?" என்பார்.

அதற்கு முன் சாக்கடையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சேர்ந்த கொஞ்ச நாளில் புது மருந்து வந்தது. பழுப்பாக, புளித்துப்போன கேப்பைக் கூழைத் தண்ணீர் விட்டுக் கரைத்த மாதிரி இருக்கும். வாசனையும் ஏறக்குறைய அதுதான். உள்ளே இருப்பது மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா. கொசுப்புழு அதைத் தின்னும். தின்றால் அதன் வயிறு கெட்டு இரண்டு நாளில் சாகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, மனுஷனுக்கும் ஆகாது. இவ்வளவு நல்ல மருந்தை ஊர் நம்பவில்லை.

"நேத்து எண்ணெய் ஊத்துன. இன்னிக்குக் கூழு ஊத்தற. நாளைக்கு இன்னா, ஊறுகா கொண்டாருவியா?" என்று ஒரு அம்மா என்னைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. நான் விரலை மருந்தில் தோய்த்து நாக்கில் வைத்துக் காட்டினேன். "ஐயே! இந்தாளு எதையும் துன்னுவான் போலக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருந்தை ஊர் நம்பினால்தான் வீட்டுக்குள் விடுவார்கள், ஏதாவது செய் என்றார் இன்ஸ்பெக்டர். அப்படித்தான் என் ரேஷன் கடை ஷோ ஆரம்பமானது.

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. திங்கள்கிழமை காலையில் கடைப் பலகை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைப்பேன். இரண்டிலும் சாக்கடைத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு புழு. ஒன்றில் மட்டும் மருந்து.

"பாருங்கம்மா, இவங்கல்லாம் மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ளைங்க. இன்னிக்கு நல்லாத் துன்னுவாங்க. நாளைக்கு வவுத்தப் புடிச்சிக்கினு குந்துவாங்க. புதன்கெழமை வந்து பாருங்க, மாமியாருக்கு நிம்மதி."

"உங்க மாமியார் வூட்ல உனக்கு இதான் போட்டாங்களா?"

"எனக்கு டோஸ் பத்தலம்மா. உயிரோட வந்துட்டேன்."

புதன்கிழமை மருந்து போட்ட டம்ளரின் அடியில் புழுக்கள் ஊறிய சேமியாத் துண்டு மாதிரி கிடக்கும். இன்னொரு டம்ளரில் எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஜம்மென்று இருக்கும். கூட்டத்துக்குச் சந்தோஷம். கொசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவிழ்த்து விடுவேன். "ரத்தம் குடிக்கிறது பூரா பொண்டாட்டி கொசுதான்மா. ரத்தம் குடிச்சாத்தான் அதுக்கு முட்டை போட முடியும். புருஷன் கொசு பாவம், பூச்சாறு குடிச்சிக்கினு ஒரு ஓரமா கெடக்கும்." பெண்கள் என்னை அடிக்க வருவார்கள். இந்த ஜோக்கை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் அதன் அர்த்தம் என் காதில் விழவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்ததில் எனக்கு ஒரு பேஜாரு வந்தது. பக்கத்துச் சாக்கடைகளில் புழுவே கிடைக்கவில்லை. ஷோவுக்குப் புழு வேண்டுமென்றால் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. எனக்கோ பக்கத்துத் தெருவுக்கே சைக்கிள் வேண்டும். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி சும்மா கிடந்தது. அதில் அரிசி கழுவிய தண்ணீரையும் ஒரு கை சாணியையும் கரைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் தண்ணீர் மேல் முட்டைகள் மிதந்தன. எள்ளை நிற்க வைத்து ஒட்டிச் செய்த குட்டித் தெப்பம் போல இருக்கும். ஏரியில் இருந்து கொண்டுவந்த பாட்டிலையும் அதில் கவிழ்த்தேன். பெரிய கொசு வெளியே வரக்கூடாதே என்று மனைவியின் பழைய நைலான் புடவையை மேலே போட்டு, கயிற்றால் கட்டி, கரண்டி நுழைய ஒரு மூலையில் மட்டும் வழி விட்டேன்.

"ஊர்க் கொசுவ ஒழிக்கக் கூலி குடுக்கறாங்க. வூட்ல கொசு வளக்கறதுக்கு யாரு குடுப்பாங்க?" என்றாள் அவள்.

"ஆராய்ச்சிமே இது."

"ஆராய்ச்சியா? அப்ப அந்தப் பொடவையையும் சேத்து ஆராய்ச்சி பண்ணு. அது எங்க அம்மா எடுத்துக் குடுத்தது."

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கோடையில் பின்பக்கம் பாய் விரித்துப் படுப்போம். தொட்டிக்கும் பாய்க்கும் நாலு எட்டு இருக்கும்.

இப்போது அந்தப் புதன்கிழமைகளுக்கு வருகிறேன். நான் செய்ததைப் பெரிய ஆராய்ச்சிக்காரன் வேண்டுமென்றே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

சில வாரங்கள் கழித்து, மருந்து போட்ட டம்ளரில் ஒன்றிரண்டு புழு சாகாமல் இருந்தன. கூட்டம் பார்த்தால் மானம் போய்விடும். ஆகவே டம்ளரைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, "செத்ததெல்லாம் ஆபீசுக்குப் போவுது, கணக்குக் காட்டணும்" என்று சொல்லி ஜல்தியாக பாட்டிலில் ஊற்றிவிடுவேன். மருந்து போடாத டம்ளரைப் பார்த்துப் பெண்கள் கத்துவார்கள்: "யோவ், இதுங்கள எங்கயும் உட்டுட்டுப் போவாத!" கடைக்காரர் ரேஷன் மண்ணெண்ணெயில் நாலு சொட்டு விடுவார். அவர்கள் கண் முன்னாலேயே அத்தனையும் செத்துப்போகும். எல்லாருக்கும் திருப்தி. நான் வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தொட்டியில் அலசுவேன். அடுத்த வாரத்துக்கு அதே தொட்டியிலிருந்து புழு முகப்பேன்.

அதாவது, மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களை மண்ணெண்ணெய் விட்டுக் கொன்றேன். மருந்தைத் தின்றும் சாகாததை மட்டும் பொறுக்கி, பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்து, சாணித்தண்ணீர் கொடுத்துக் குடும்பம் நடத்தவிட்டேன். பாட்டிலில் மிச்சமிருந்த மருந்தும் வாராவாரம் கொஞ்சம் தொட்டியில் கலந்தது. சோப்ளாங்கிகள் அதிலேயே போய்ச் சேர்ந்தன. கேடிகள் மட்டும் தங்கின. அவர்களுக்குப் பிறந்தவர்களும் கேடிகள்.

இது இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. டம்ளரில் தப்பித்தவை இரண்டு நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. நான் மருந்தைக் கூட்டினேன். முதலில் இரண்டு பங்கு, பிறகு மூன்று பங்கு. அதுவும் போதாமல் போனபோது கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது என்று சொல்லி எவர்சில்வர் டம்ளருக்கு மாறினேன். இப்படி ஒரு மூளை எனக்கு இருந்ததை நினைத்து அன்று பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு புதன்கிழமை, வரிசையில் முதலில் நின்ற அம்மா எவர்சில்வர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அடியே, இங்க வந்து பாருங்கடி! கொசுக்காரரு மருந்தத் துன்னு அல்லாம் குண்டாயிட்டுதுங்க!"

வரிசை கலைந்தது. ஆளாளுக்குத் தலையை நீட்டினார்கள். ஒன்று கூடச் சாகவில்லை. "மாப்ளைங்களுக்கு மாமியார் சாப்பாடு புடிச்சிப்போச்சு போலக்குதே" என்று யாரோ என் வசனத்தையே எனக்குத் திருப்பினார்கள். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவசரமாகப் பாட்டிலில் கவிழ்த்ததில் பாதி டம்ளரை என் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அவளுக்குக் காய்ச்சல். பல் கிட்டித்துப்போகும் குளிர். தொடை இடுக்கில் நெறி கட்டியது. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியபோது வலது கால் வீங்கியிருந்தது. கால் பிசகியிருக்கும் என்றாள். நான் ஆமாம் என்றேன். வீக்கம் வடிந்தது, ஆனால் முழுக்க வடியவில்லை. கணுக்கால் மேட்டைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் மிச்சம் நின்றது. நூல் அதற்குத்தான்.

மாதக் கூட்டத்துக்கு விழுப்புரம் போனேன். அங்கே திண்டிவனத்துச் சாக்கடைகளில் மறுபடி கொசு பெருத்துவிட்டதாகப் புகார் வந்திருந்தது. மருந்து கலப்பதில் யாரோ தண்ணீரைக் கூட்டுகிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் எங்களைத் திட்டினார். பிறகு புது ஆட்களுக்காக அடிப்படைப் பாடத்தை ஒப்பித்தார். பெண் கொசு ரத்தம் குடிக்காமல் முட்டை போடாது. யானைக்கால் கிருமி இருக்கிற ஆளைக் கடித்த கொசு, அடுத்த ஆளுக்கு அதைக் கொண்டு போகும். எல்லாம் தெரிந்த கதை. நான் பக்கத்து ஆளின் மல்லாட்டைப் பொட்டலத்தில் கை விட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியபோது அது வந்து தாக்கியது. என் தொட்டியில் வாரம் தவறாமல் முட்டை மிதக்கிறது. முட்டை போட ரத்தம் வேண்டும். நைலான் புடவையின் மூலையில் கரண்டிக்கு விட்ட வழியாக அதுகள் போய் வந்துகொண்டிருக்கின்றன. எங்கே போய்? யாரிடம்?

பஸ்ஸில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "எறங்கணுமா?" என்றார் கண்டக்டர். "இல்ல" என்றேன். "அப்ப குந்து." குந்தினேன். மறுபடி எழுந்தேன். "இன்னாய்யா, பாத்ரூம் வருதா?" என்றார் அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி. அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலாவது என்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியபோது இரண்டு யோசனைகள் இருந்தன. முதலாவது, தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, கவிழ்த்து, கழுவி, வாயை மூடிக்கொள்வது. நிரந்தர வேலைக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த சமயம் அது. கொசு ஒழிக்கிறவன் கொசு வளர்த்தான் என்று தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும்? இரண்டாவது, சொல்வது. சொன்னால் ஆஸ்பத்திரி, சொன்னால் அந்தப் பெயர். நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். மேலும் ஒரு வாரம் நூல் வைத்து அளந்தேன். கொலுசுப் பொய் அந்த வாரத்தில்தான்.

கோழிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் அவளே வந்தாள். என் சட்டைப்பையில் கை விட்டு நூல்களை எடுத்தாள். அத்தனையிலும் மைப்புள்ளி. ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம்."

"போஸ்டர்ல இருக்கற காலா இது?"

நான் தலையாட்டினேன். பிறகு டம்ளர், மண்ணெண்ணெய், பாட்டில், தொட்டி, கரண்டி வழி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது பழக்க தோஷத்தில் நடுவில் ஒரு ஜோக் கூட வந்துவிட்டது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்ப் புடவையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே புழுக்கள் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தன.

"இதுங்கல்லாம் என் ரத்தமா?"

"என்னோடதும் இருக்கும்."

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"ஆக மொத்தம் நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்ததுங்க" என்றாள்.

புடவையை மறுபடி சரியாக இழுத்து மூடி, கரண்டி வழியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். நான் மண்ணெண்ணெய்க் கேனை எடுத்தபோது தடுத்தாள்.

"கொன்னுட்டு? அப்பறம் ஊர்ல இருக்கறது சாவலன்னு யாரு போய்ச் சொல்றது? உங்க ஆபீசர இட்டுக்கினு வா. பாக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் மறுநாளே வந்தார். தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "புழு எத்தனை?" என்று கேட்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைத் திட்டவும் இல்லை. மூன்று இடங்களிலிருந்து புழு கொண்டுவரச் சொன்னார். ஒன்று என் தொட்டி. இன்னொன்று திண்டிவனத்துச் சாக்கடை. மூன்றாவதற்கு என்னை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் அனந்தபுரத்துப் பக்கம் அனுப்பினார். எங்கள் மருந்து ஒரு சொட்டுக்கூடப் போகாத குட்டை அங்கே இருந்தது. மூன்றுக்கும் ஒரே அளவு மருந்து. டம்ளர்களை என் வீட்டுக்குள்ளேயே ஜன்னல் ஓரம் வைத்தார்.

"கண்ணாடி டம்ளர்தான?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதில் எவ்வளவு நக்கல் இருந்தது என்று இன்றைக்கும் கணக்குப் போட முடியவில்லை.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. டம்ளர் டம்ளராகப் போய்க் குனிந்து, "செத்துத் தொலைங்களேன்" என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் காலையில் குட்டைப் புழுக்கள் அத்தனையும் அடியில் கிடந்தன. சாக்கடைப் புழுக்களில் கணிசமானவை பிழைத்திருந்தன. என் வளர்ப்புகள் ஒன்று கூடச் சாகவில்லை. சில கூட்டுப்புழுவாக வேறு மாறியிருந்தன.

இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கினார். அவருக்குத் தெரிந்த உதாரணம் டவுன் பஸ்தான்.

"கூட்டத்துல பஸ்ஸ எப்டிப் புடிப்ப? படிக்கட்டுக் கம்பியப் புடிச்சித் தொங்குவ. இந்த மருந்துல இருக்கற வெஷமும் அப்டித்தான். புழு வவுத்துக்குள்ள ஒரு கம்பி இருக்குது, அதப் புடிச்சாத்தான் உள்ள ஏற முடியும். ஊர்ல எங்கியோ ஒண்ணு ரெண்டு புழு கம்பி இல்லாம பொறக்கும். வெஷம் வரும், கை நீட்டும், புடிக்க ஒண்ணும் இல்ல, கீழ எறங்கிப் போயிடும். மத்ததெல்லாம் செத்துப்போவ, இது மட்டும் பெத்துப் பெருகும். அதோட புள்ளைங்களுக்கும் கம்பி இல்ல."

"அப்ப ஊர்ல இருக்கறதும் நம்ம தொட்டியில இருந்து போனதுதானா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாது. போயிருக்கலாம். ஆனா நீ ஒரு தொட்டியிலதான் செஞ்ச. நாங்க ஊர் பூரா அதையே செஞ்சோம். ஒரே மருந்து, மாத்தாம, வருஷக்கணக்கா. செப்டிக் டேங்க்ல ஊத்தனதுல பாதி மருந்து உள்ள போய்ச் சேரல. எல்லா சாக்கடையும் உன் தொட்டிதான்யா."

அது மன்னிப்பு மாதிரி கேட்டது. ரொம்ப நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆனால் எல்லாச் சாக்கடைக்கும் பக்கத்தில் என் மனைவி பாய் விரித்துப் படுக்கவில்லையே.

ரிப்போர்ட் எழுதும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "புழு எடுத்த எடம்னு கேட்டிருக்கு. இன்னான்னு எழுதறது? பணியாளர் வீட்டு வளர்ப்புன்னா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் வாழ்க்கையில் எனக்குச் சிரிப்பே வராத ஜோக்கும் அதுதான்.

பிறகு வேறு ஒரு பாக்டீரியா மருந்து வந்தது. அதில் ஒன்றுக்கு நாலு வகை விஷம் இருக்கிறது, ஒரு கம்பி இல்லாவிட்டாலும் இன்னொன்றைப் பிடிக்கும் என்றார்கள். முதல் சோதனை என் தொட்டியில்தான். மறுநாள் காலையிலேயே அத்தனையும் செத்து மிதந்தன. அவள் பார்க்க வரவில்லை. நான்தான் தொட்டியைக் காலி செய்து கடப்பாரையால் உடைத்தேன். ஊரில் இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றி ஊற்றினோம். பழைய மருந்து ஓய்வில் இருந்த காலத்தில், அதற்குச் சாகக்கூடிய புழுக்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. கொசு விஷயத்தில் கெட்டதைத் திருப்பிச் சரி செய்ய முடிந்தது.

அவள் காலை அப்படித் திருப்ப முடியவில்லை.

அந்தக் கிருமி பகலில் ரத்தத்தில் தலைகாட்டாது. அதனால் ரத்தப் பரிசோதனையை ராத்திரியில்தான் செய்வார்கள். இன்ஸ்பெக்டர் வந்துபோன வாரமே விழுப்புரத்தில் இரண்டு பேருக்கும் விரலில் குத்தி எடுத்தார்கள். "வீட்ல எல்லாரும் குடுக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்ததால் நான் சும்மா ஒரு கம்பெனிக்குக் கொடுத்தேன். சில நாள் கழித்து முடிவு வாங்கப் போனோம். அவள் சீட்டில் 'கிருமி இல்லை' என்று இருந்தது. நான் அவளை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடி, ஒரு பெட்டி ஜிலேபி வாங்கி வந்தேன். வழியில் இருந்த காவலாளிக்கு, நர்சுக்கு, முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு என்று எல்லாருக்கும் கொடுத்தேன். டாக்டரிடமும் நீட்டினேன்.

டாக்டர் வயதான அம்மா. ஜிலேபியை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"கால் வீங்கினவங்களுக்குப் பெரும்பாலும் ரத்தத்துல தெரியாதுப்பா. இது யானைக்கால்தான். ஆரம்பத்துல இருக்கு. முழுசா போவாது. கவனமா இருந்தா பெருசாகாம பாத்துக்கலாம்." பிறகு இன்னொரு சீட்டைப் புரட்டினார். "இது உன்னுதா?"

"ஆமாம்மா."

"உன் ரத்தத்துல கிருமி இருக்கு."

"எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லியே."

"பல பேருக்கு ஒண்ணும் தெரியாது. கொசு அவங்ககிட்ட இருந்துதான் எடுத்துக்கினு போவும்."

என் கையில் ஜிலேபிப் பெட்டி இருந்தது. பாகு ஒழுகிக் கட்டைவிரலில் இறங்கியது. இத்தனை நாள் நான் கொசுவுக்கு மட்டும்தான் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட இருந்துதான் இவளுக்குப் போச்சா?" என்று கேட்டேன்.

"யாருகிட்ட இருந்து யாருக்குன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அவங்களுக்கு வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்கலாம், நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே. மாத்திரையப் போடு."

பன்னிரண்டு நாள் இரண்டு பேரும் மாத்திரை போட்டோம். எனக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, காய்ச்சல் அடித்தது. கிருமி நிறைய இருந்தவனுக்குத்தான் அப்படி வரும் என்றார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அடுத்த பரிசோதனையில் என் ரத்தம் சுத்தம். என் கால்கள் இன்றைக்கும் மூங்கில் கழி மாதிரி இருக்கின்றன. நிரந்தர வேலையும் கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. பட்டியலில் யாரும் என் பெயரை அடிக்கவில்லை. தண்டனை என்று ஏதாவது கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில சமயம் தோன்றும்.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே கிளறுவேன். இத்தனை வருஷம் கழித்தும், இப்போது வருஷா வருஷம் எல்லா வீட்டுக்கும் யானைக்கால் மாத்திரை கொடுக்க நானே பையைத் தூக்கிக்கொண்டு போகும் இந்தக் காலத்திலும், மழை பிடித்தால் எனக்கு அந்தக் கணக்கு ஆரம்பித்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தது எப்போது, தொட்டி வைத்தது எப்போது, காய்ச்சல் வந்தது எப்போது.

போன மழைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "அந்தக் கோடையில நீ போத்திக்கினு படுத்திருந்தன்னா..."

"யோவ், எந்தக் கொசு, எந்த வருஷம்னு கணக்குப் போட்டுக்கினே இருப்பியா, இல்ல தண்ணி கொண்டாறியா? காலு கழுவற நேரமாவுது."

தண்ணீர் கொண்டு வந்தேன். விரலிடுக்கில் ஈரமோ புண்ணோ இருந்தால் அது வழியாகக் காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கொஞ்சம் கூடும். அதனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். அவளால் குனிய முடியும், அவளே செய்துகொள்வாள். இருந்தாலும் அந்தக் காலை மட்டும் நான் செய்கிறேன். கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

"கூசுது, மெதுவா."

"சரி."

"சின்ன விரலுக்குப் பக்கத்துல உட்டுட்ட."

அங்கேதான் ஈரம் தங்கும். துணியை மெல்லியதாக முறுக்கி உள்ளே நுழைத்துத் துடைத்தேன்.